பந்தை விடுங்கள், நடையைப் பாருங்கள்

கிரிக்கெட்டில் தப்பு செய்த பேட்ஸ்மேனுக்கு ஒரு மறைவிடம் உண்டு. நெல்லை சங்கர் நகர் மைதானத்தில் டிஎன்பிஎல் பார்க்கப் போகிறவர்களுக்குத் தெரியும், அவுட் ஆனவர் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நம் கண்ணிலிருந்து போய்விடுவார். கபடியில் பாடப் போய்ப் பிடிபட்டவர் வெளியே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கோல்ஃபில் அவுட்டே கிடையாது. பந்தைத் தண்ணீரில் போட்டவர் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அபராதமாகக் கணக்கில் ஒரு அடி கூட்டிக்கொண்டு, முழங்கால் உயரத்திலிருந்து வேறு பந்தைத் தரையில் விட்டு, அத்தனை பேர் பார்க்க மறுபடியும் அடிக்க வேண்டும். அது முடிந்தால் அடுத்த குழிக்கு நடக்க வேண்டும். செய்த தப்பும் கூடவே நடந்து வரும்.

இதனால்தான் ஒரு விளையாட்டு வீரரின் குணத்தைப் பார்க்க கோல்ஃபைப் போல இடம் கொடுக்கிற ஆட்டம் வேறு இல்லை என்று சொல்கிறேன். கணக்கைப் பாருங்கள். ஒரு சுற்று என்றால் 18 குழி. பெரிய போட்டிகளில் தடத்தின் நீளமே ஆறேழு கிலோமீட்டர் வரும். ஆடி முடிக்க நாலரை, ஐந்து மணி நேரம். ஒரு அடி இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும். எழுபது அடி என்று வைத்தாலும் மொத்தம் இரண்டரை நிமிடம்தான் பந்தோடு வேலை. மீதி நேரமெல்லாம் நடை, யோசனை, காத்திருப்பு, பையைச் சுமந்து கூடவே வருகிற கேடியோடு பேச்சு. டிவி காட்டுவது அந்த இரண்டரை நிமிடத்தை. குணம் தெரிவது மீதி நாலரை மணி நேரத்தில்.

முதலில் கடிகார விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதிலேதான் விட்டுவிடுகிறார்கள். ஆண்களுக்கான மேஜர் போட்டிகள் நாலு. ஏப்ரலில் ஆகஸ்டாவில் மாஸ்டர்ஸ், மே மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப், ஜூனில் யுஎஸ் ஓப்பன், ஜூலையில் பிரிட்டன் பக்கம் தி ஓப்பன். நாலுமே வியாழன் தொடங்கி ஞாயிறு முடியும். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் அந்த மாதங்களில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். ஆகஸ்டாவில் ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு முடிகிற ஆட்டம் நமக்குத் திங்கட்கிழமை விடிகாலை நாலரை. யுஎஸ் ஓப்பன் கலிபோர்னியாவில் நடக்கிற வருஷம் இன்னும் மூன்று மணி நேரம் தள்ளிப் போகும், திங்கள் காலை ஏழரை ஆகிவிடும். தி ஓப்பனுக்கு மட்டும் வித்தியாசம் நாலரை மணி நேரம்தான். முதல் குழு அடிப்பது நமக்கு முற்பகல் பதினோரு மணி சுமாருக்கு. கடைசி நாள் கோப்பை கைக்கு வருவது ஞாயிறு ராத்திரி பத்தரை, பதினொன்று. புதிதாகப் பார்க்கிறவர் தி ஓப்பனில் தொடங்குவதுதான் சரி. எந்தச் சேனல், எந்தச் செயலி என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும், போட்டி வாரத்துத் திங்கட்கிழமையே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை மத்தியானம் தேட ஆரம்பித்தால் முதல் சுற்று பாதி போயிருக்கும்.

தி ஓப்பனைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் போட்டி வருவது ஆடி பிறக்கிற சமயம். 2025இல் சரியாக ஜூலை 17, ஆடி 1 அன்று தொடங்கியது. அந்த வாரத்தில் நம் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குற்றாலத்தில் சாரல், கயத்தாறிலும் ராதாபுரத்திலும் காற்றாலை இறக்கை நிற்காமல் சுற்றும், தெருவில் காயப்போட்ட துணி அடுத்த வீட்டு மாடியில் கிடக்கும். அங்கேயும் ஆட்டத்தை நடத்துவது காற்றுதான். போட்டி நடக்கிற திடல்களை லிங்ஸ் என்பார்கள். கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவில் கிடக்கிற மணல்மேட்டு நிலம் அது. குட்டம், உவரிப் பக்கத்துத் தேரியைப் பார்த்தவர்களுக்கு அந்த மேடு பள்ளம் புரியும். மண் சிவப்பாக இராது, பனையும் இராது, மேலே மெல்லிய புல் மூடியிருக்கும். மணல் தரை என்பதால் மழைத்தண்ணீர் நிற்காது, தரை இறுகிக் கிடக்கும், விழுந்த பந்து துள்ளி ஓடும்.

பணகுடி தாண்டி நாலுவழிச் சாலையில் பைக் ஓட்டுகிறவர் ஆனி, ஆடியில் வண்டியைக் காற்றுப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டேதான் போவார். பக்கத்தில் ஒரு லாரி வந்து காற்றை மறைத்தால் வண்டி சட்டென்று லாரிப் பக்கம் இழுக்கும், லாரி விலகியதும் எதிர்ப்பக்கம் தள்ளும். லிங்ஸ் திடலில் பந்துக்கும் அதே கதி. அடிக்கிறவர் நிற்கிற இடம் மணல்மேட்டின் மறைவில் இருக்கும், அங்கே புல்கூட அசையாது. பந்து மேட்டுக்கு மேலே ஏறியதும் காற்று வந்து அறையும். தேர்ந்த ஆட்டக்காரர் இரும்புத் தலை வைத்த கோலால், அதாவது இரும்புக் கிளப்பால், அடிக்கிற பந்து சுமார் 30 மீட்டர் உயரம் போகும், நன்றாக வளர்ந்த பனையையும் தாண்டுகிற உயரம். குழியில் நிற்கிற கொடியோ ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. அதனால் கொடியைப் பார்த்துக் காற்றைக் கணிப்பவர் ஏமாறுவார். நல்ல ஆட்டக்காரர் புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பார், தூரத்தில் தெரிகிற கொடிகளைப் பார்ப்பார், மேகம் நகர்வதையும் பார்ப்பார்.

வீட்டில் ஆச்சி டிவி முன்னால் வந்து உட்கார்ந்து, “ஏ ஐயா, இந்தப் பையன் அடிக்காம என்னத்த வானத்தப் பாத்துட்டு நிக்கான்?” என்று கேட்டால், “காத்தப் பாக்கான் ஆச்சி” என்பதுதான் முழு விடை. அவர் எவ்வளவு நேரம் பார்க்கிறார், பார்த்த பிறகு கையிலிருக்கிற கிளப்பை மாற்றுகிறாரா என்பதில் அந்த ஆளின் குணம் பாதி தெரிந்துவிடும்.

கேடிகளிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு. எதிர்காற்று மணிக்கு ஒரு மைல் கூடினால் தூரத்தில் நூற்றுக்கு ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். பின்காற்று என்றால் அதில் பாதியைக் குறைக்க வேண்டும். 150 கெஜத்தில் கொடி நிற்கிறது, எதிர்காற்று 10 மைல் என்றால் 165 கெஜத்துக்கு அடிக்கிற கிளப்பை எடுப்பார்கள். அதே காற்று பின்னால் இருந்தால் 142, 143. எதிர்காற்று ஏன் கூடுதலாகக் கெடுக்கிறது? அடிபட்ட பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போகும். அந்தச் சுழற்சிதான் அதைத் தூக்குகிறது. எதிர்காற்றில் தூக்கும் விசை கூடும், பந்து முன்னே போகாமல் மேலே ஏறி, நின்று, பொத்தென்று விழும்.

பொறுமையில்லாத ஆட்டக்காரர் மாட்டிக்கொள்வது இங்கேதான். எதிர்காற்று என்றதும் பலத்தைக் கூட்டுவார். பலம் கூடினால் சுழற்சியும் கூடும், பந்து இன்னும் மேலே ஏறி இன்னும் முன்னாலேயே விழும். பக்குவப்பட்டவர் இரண்டு படி கூடுதல் தூரம் போகிற கிளப்பை எடுப்பார். கைப்பிடியில் ஒரு அங்குலம் கீழே பிடிப்பார், பந்தைப் பின்கால் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைப்பார், பைய வீசி, வீச்சைத் தோளுக்குக் கீழேயே நிறுத்துவார். பந்து தாழப் போய், தரையில் விழுந்து ஓடும். பார்க்க அழகாக இராது. ஆனால் ஆளின் நிதானத்தை அந்த அரை வீச்சு சொல்லிவிடும். லிங்ஸ் போட்டியில் ஒருவரை மதிப்பிட நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மதிப்பெண் பலகை லேசுதான். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்ற அளவு பார். பெரும்பாலும் 3, 4, 5. ஒன்று குறைந்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், ஒன்று கூடினால் போகி, இரண்டு கூடினால் டபுள் போகி. பலகையில் கழித்தல் எண் பெரிதாக இருப்பவர் முன்னிலை. இவ்வளவு தெரிந்தால் போதும், மற்றது பார்க்கப் பார்க்க வந்துவிடும்.

இனி முக்கியமான இடம். போகி அல்லது டபுள் போகி போட்டவரின் அடுத்த குழி முதல் அடியைப் பாருங்கள். பிஜிஏ டூரில் இதற்கென்றே ஒரு புள்ளிவிவரம் வைத்திருக்கிறார்கள், பாருக்கு மேல் போன குழிக்கு அடுத்த குழியிலேயே பாருக்குக் கீழே வந்தது எத்தனை சதவீதம் என்று. எண் தெரியாவிட்டாலும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கோபத்தில் இருப்பவர், குழியின் முதல் அடியை அடிக்கிற டீ மேடைக்கு வேகமாக வருவார், வழக்கமாக இரண்டு முறை ஒத்திகை வீச்சு போடுகிறவர் ஒன்றோடு விட்டுவிடுவார், குறுகிய தடத்திலும், இருப்பதிலேயே அதிக தூரம் போகிற டிரைவர் கிளப்பையே உருவுவார். போனதை ஒரே அடியில் மீட்க வேண்டும் என்ற அவசரம் அது. பயந்தவர் வேறு மாதிரி. நேரத்தை இழுப்பார், கேடியிடம் மூன்று தரம் கேட்பார், பந்துக்கு முன்னால் நின்ற பிறகு விலகி மறுபடி வருவார்.

2025 ஜூலையில் ராயல் போர்ட்ரஷில் நடந்த தி ஓப்பனில் ஸ்காட்டி ஷெஃப்ளர் கடைசிச் சுற்றில் நல்ல முன்னிலையில் இருந்தார். எட்டாவது குழியில் பந்து பங்கர் என்கிற மணல் பள்ளத்துக்குள் போய், அதிலிருந்து எடுக்கத் தவறி, டபுள் போகி ஆனது. பின்னால் வருகிறவர்களுக்கு மூச்சு வந்த நேரம். ஒன்பதாவது குழியில் அவர் பேர்டி போட்டார். அத்தோடு அந்தப் போட்டி முடிந்தது, நாலு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். எட்டிலிருந்து ஒன்பதுக்கு நடந்த நடையில் வேகமும் கூடவில்லை, தலையும் தொங்கவில்லை. அந்தப் போட்டிக்கு முன்பே, ஜெயிக்கிற சந்தோஷம் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது என்று செய்தியாளர்களிடம் விரிவாகப் பேசியிருந்தார். பலர் அதைச் சலிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. சந்தோஷத்தைச் சில நிமிடத்தில் கீழே வைக்கத் தெரிந்தவருக்கு டபுள் போகியையும் அதே வேகத்தில் கீழே வைக்கத் தெரியும். ஷெஃப்ளர் கோபமே இல்லாதவர் என்றும் நினைக்க வேண்டாம். கிளப்பைத் தரையில் அறைந்த காட்சிகள் நிறைய உண்டு. அடுத்த அடிக்கு நிற்கும்போது அது அங்கே இருக்காது, அதுதான் விஷயம்.

ஜான் ராம் இதற்கு நேர் எதிர், எரிமலைச் சாதி. முகம் சிவக்கும், வாய்விட்டுத் திட்டிக்கொள்வார். 2023 மாஸ்டர்ஸில் முதல் நாள், முதல் குழியிலேயே, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் நாலு முறை தட்டி டபுள் போகி. மற்றவராக இருந்தால் அந்த வாரமே போயிருக்கும். ராம் அந்தச் சுற்றை 65இல் முடித்து, ஞாயிற்றுக்கிழமை நாலு அடி வித்தியாசத்தில் ஜெயித்து, மாஸ்டர்ஸ் வென்றவருக்குத் தருகிற பச்சைக் கோட்டு வாங்கினார். 1997 மாஸ்டர்ஸ் முதல் நாளில் டைகர் வுட்ஸ் முதல் ஒன்பது குழியை 40 அடியில் ஆடினார், பாருக்கு நாலு அதிகம். அடுத்த ஒன்பதை 30இல் ஆடினார். அந்த வாரம் 12 அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அமைதி, ஆவேசம் என்று முகத்தைப் பார்த்துப் பிரிப்பதில் பயனில்லை என்பதற்கு இந்த மூன்று பேரே போதும். ராமின் கோபம் அவரை அடுத்த அடிக்குக் கூர்மையாக்குகிறது. இன்னொருவரின் கோபம் அடுத்த மூன்று குழியையும் தின்றுவிடும்.

இதையெல்லாம் பார்க்க ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு கூடவே போக வேண்டும். பொது ஒளிபரப்பு அதற்கு உதவாது. திடல் முழுக்க நிற்கிற கேமராக்களில் எங்கே பந்து விழப்போகிறதோ அங்கே தாவிக்கொண்டே இருப்பார்கள். காட்டுகிற புட்டில், அதாவது கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டிவிடுகிற அடியில், பாதி சில நிமிடம் முன்னால் நடந்தது. குறிப்பிட்ட குழுவை மட்டும் தொடர்ந்து காட்டுகிற தனி ஒளிபரப்பு ஒன்று பெரிய போட்டிகளில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர்ஸ் போட்டியின் சொந்தச் செயலியில் ஒவ்வொருவரின் ஒவ்வொரு அடியும் தனித்தனிக் காணொளியாக வரும், தூங்கி எழுந்து காலையில் ஒரே ஆளின் 18 குழியையும் வரிசையாகப் பார்க்கலாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். குழி எண், பார், அடித்த எண்ணிக்கை, முதல் அடிக்கு எடுத்த கிளப் என்று நாலு கட்டம் போடுங்கள். ஐந்தாவதாக நேரம். கிளப்பைப் பையிலிருந்து உருவியதிலிருந்து அடிக்கிற வரை எத்தனை நொடி என்று போனில் எடுத்துக் குறியுங்கள். விதிப்புத்தகம் ஒரு அடிக்கு 40 நொடிக்குள் என்று பரிந்துரைக்கிறது. நமக்கு வேண்டியது அந்த 40 அல்ல, அந்த ஆளின் வழக்கமான எண். ஆறு குழி பார்த்தால் அது பிடிபட்டுவிடும், நல்ல ஆட்டக்காரருக்கு இரண்டு மூன்று நொடிக்கு மேல் மாறாது. பிறகு ஒரு குழியில் 22 நொடி ஆள் 35க்குப் போனால் மனசில் ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம். முகத்தில் தெரியாதது அந்தக் கட்டத்தில் தெரியும். செர்ஜியோ கார்சியா 2002 யுஎஸ் ஓப்பனில் பந்துக்கு முன்னால் நின்று பிடியைத் திரும்பத் திரும்ப அவிழ்த்துப் பிடித்துக்கொண்டே இருந்ததற்குக் கூட்டமே எண்ண ஆரம்பித்தது. அதே கார்சியா 2017இல் மாஸ்டர்ஸ் ஜெயித்தார்.

கேடியோடு நடக்கிற பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள், மைக் நன்றாகவே பிடிக்கும். கிரீனின் முன்விளிம்புக்கு எத்தனை கெஜம், கொடிக்கு எத்தனை, காற்று எந்தப் பக்கம், மேடா பள்ளமா. இவ்வளவுதான் இருக்கும். கேடி சொன்னதை ஆட்டக்காரர் திருப்பிச் சொன்னால் நல்ல அறிகுறி, இரண்டு பேருக்கும் ஒரே படம் மனசில் இருக்கிறது. அடித்த பந்து கெட்டுப்போன பிறகு கேடியைத் திரும்பிப் பார்த்து முறைக்கிறவரையும் குறித்து வையுங்கள். கிளப்பைத் தேர்ந்தெடுத்தது இரண்டு பேரும்.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை முன்னிலையில் இருப்பவர்களைவிட வெள்ளிக்கிழமை சாயங்காலத்து ஆட்டக்காரர்களைப் பாருங்கள். இரண்டு சுற்று முடிந்ததும் ஏறக்குறைய பாதிப் பேர் ஊருக்குப் போய்விட வேண்டும். மாஸ்டர்ஸில் முதல் 50 இடம், யுஎஸ் ஓப்பனில் 60, பிஜிஏவிலும் தி ஓப்பனிலும் 70, அதே எண்ணிக்கையில் சமமாக இருப்பவர்களும் சேர்த்து. அந்தக் கோட்டின் மேல் நிற்கிறவர் கடைசி இரண்டு குழியில் எடுக்கிற முடிவு உண்மையானது. கேமரா அவர்மேல் இருக்காது, நடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆகஸ்டாவின் 12ஆவது குழி தனியாகப் பேச வேண்டியது. வெறும் 155 கெஜம், அங்கே ஆடுகிறவர்களுக்கு எட்டாம் எண்ணோ ஒன்பதாம் எண்ணோ இரும்புக் கிளப்தான். முன்னால் ரேஸ் கிரீக் ஓடை, பின்னால் மேடும் பங்கரும், நடுவில் அகலமாக ஆனால் ஆழமே இல்லாமல் கிடக்கிற கிரீன். மரங்களுக்கு நடுவில் காற்று சுற்றிச் சுற்றி அடிக்கும். கிரீன் நேராக இல்லை, சாய்ந்து கிடக்கிறது. இடது பக்கத்தைவிட வலது பக்கம் தூரம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை கொடியை வலது பக்கம்தான் வைப்பார்கள். வலக்கை ஆட்டக்காரர் லேசாகத் தவறினால் பந்து வலப்பக்கம் நழுவும், நழுவுகிற பந்து தூரமும் குறையும். அங்கேதான் தூரம் கூட வேண்டும். விளைவு, ஓடை.

2019 மாஸ்டர்ஸ் கடைசிச் சுற்றில் பிரான்செஸ்கோ மோலினாரி முன்னிலையில் வந்தார். அவருக்கு முந்தைய குழுவில் புரூக்ஸ் கெப்காவும் இயன் போல்ட்டரும் ஏற்கெனவே தண்ணீரில் போட்டுவிட்டார்கள். மோலினாரியும் போட்டார். அவரோடு ஆடிய டோனி ஃபினாவும் போட்டார். அதே குழுவில் இருந்த டைகர் கொடியைப் பார்க்கவே இல்லை. நடுவிலிருந்து இடப்பக்கமாக, கிரீன் கிடைத்தால் போதும் என்று அடித்தார். இரண்டு புட், பார். பலகையில் அது வெறும் மூன்று, யாரும் கைதட்டுகிற அடி இல்லை. 43 வயதில் 15ஆவது மேஜர் அந்த மூன்றில்தான் கைக்கு வந்தது. டைகர் என்றதும் எல்லாருக்கும் முஷ்டியை உயர்த்துகிற படம் நினைவுக்கு வரும். எனக்கு அந்தப் பாதுகாப்பான ஒன்பது இரும்புதான் அவர். மூன்று வருஷம் முன்னால், 2016இல், அதே குழியில் ஜோர்டன் ஸ்பீத் இரண்டு பந்தைத் தண்ணீரில் விட்டு ஏழு போட்டார். ஒன்பது குழி முடிவில் ஐந்து அடி முன்னிலை வைத்திருந்தவர் அவர்.

ஸ்பீத்தை அதோடு எழுதிவிடக் கூடாது. 2017இல் ராயல் பர்க்டேலில் தி ஓப்பன் கடைசிச் சுற்று, 13ஆவது குழி. பந்து வலப்பக்கம் பறந்து மணல்மேட்டுப் புதருக்குள் போய்விட்டது. ஆட முடியாத பந்து என்று அறிவித்தால் விதி மூன்று வழி தரும். பழைய இடத்துக்கே திரும்பலாம், பக்கத்தில் இரண்டு கிளப் நீளத்துக்குள் விடலாம், அல்லது கொடியையும் பந்தையும் இணைக்கிற கோட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போகலாம். ஸ்பீத் மூன்றாவதைப் பிடித்தார். அந்தக் கோடு பயிற்சித் திடலுக்குள் போனது, அதுவும் ஆடுகளத்தின் பகுதிதான் என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். கிளப் தயாரிக்கிற நிறுவனங்களின் வண்டிகள் நிற்கிற இடத்திலிருந்து, கொடியே தெரியாமல், மேட்டுக்கு மேலே அடித்தார். இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. கிடைத்தது போகி. பிறகு பேர்டி, ஈகிள், பேர்டி, பேர்டி. மூன்று அடி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அந்த இருபது நிமிடமும் எதிராளி மேட் கூச்சர் காத்து நின்றார். குறை சொல்லவில்லை. அந்தக் குழியின் பழைய ஒளிப்பதிவு கிடைத்தால் ஸ்பீத்தை ஒரு தரம், கூச்சரை ஒரு தரம் என்று இரண்டு தடவை பாருங்கள்.

கிரீனில் டிவி நம்மை நன்றாக ஏமாற்றும். கேமரா உயரத்திலிருந்து பார்ப்பதால் சரிவெல்லாம் தட்டையாகிவிடும். இரண்டு அடி தூரம் வளைகிற புட் நேராகத் தெரியும், ஆட்டக்காரர் வேறு எங்கோ தட்டுகிறாரே என்று தோன்றும். சரிவை அறிய அவர் பாதத்தைப் பாருங்கள். கோட்டைக் கடந்து நின்று, எந்தக் கால் தாழ்கிறது என்று உணர்ந்து பார்ப்பவர்கள் பலர். புல்லின் கதையும் உண்டு. நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்தான் அமெரிக்கத் தென்பகுதியில் பெர்முடா புல். பைன்ஹர்ஸ்ட் போன்ற இடங்களில் கிரீனில் வளர்ப்பது அதன் கலப்பினக் குட்டை வகை. அருகம்புல் படர்கிற திசை ஒன்று இருக்குமே, அது பந்தையும் இழுக்கும். புல் நம்மைவிட்டு விலகிப் படர்ந்தால் பளபளவென்று தெரியும், பந்து வேகமாக ஓடும். நம்மை நோக்கிப் படர்ந்தால் கருத்துத் தெரியும், பந்து சுணங்கும். குழியின் விளிம்பில் ஒரு பக்கம் புல் பிய்ந்து பழுப்பாக இருந்தால் படர்வது அந்தப் பக்கம்.

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்து 42.67. இந்த அளவுக்குள் 2024 ஜூனில் பைன்ஹர்ஸ்டில் நடந்த யுஎஸ் ஓப்பன் கடைசிச் சுற்றில் ரோரி மக்கில்ராய் 16ஆவது குழியில் இரண்டரை அடி தூரத்துப் புட்டையும், 18இல் நாலடிக்குள் இருந்த புட்டையும் தவறவிட்டார். ஒரே அடி வித்தியாசத்தில் பிரைசன் டிஷாம்போ ஜெயித்தார். அதே மக்கில்ராய் 2025 மாஸ்டர்ஸில் கடைசிச் சுற்றை டபுள் போகியோடு தொடங்கினார், 13இல் கைக்கெட்டுகிற தூரத்து வெட்ஜ் அடியை ஓடையில் விட்டு இன்னொரு டபுள் போகி, 14இல் போகி, 15இலும் 17இலும் பேர்டி, 18இல் மறுபடி சின்னப் புட் தவறல். எண்ணிக்கை சமமாகி, முடிவு காண ஆடிய பிளே ஆஃபில் அதே 18இல் பேர்டி போட்டு ஜஸ்டின் ரோஸை வென்றார். நாலு மேஜரும் வென்ற ஆறாவது ஆள் ஆனார். மக்கில்ராயைப் பார்க்க நோட்டே வேண்டாம், நடை போதும். நன்றாக ஆடும்போது குதிகால் தரையில் படாததுபோல் துள்ளும். கெடும்போது அந்தத் துள்ளல் முதலில் போகும், மதிப்பெண் அதற்குப் பிறகுதான் கெடும்.

நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, சென்னை நந்தனத்திலும் கோவையிலும் இந்தியத் தொழில்முறைச் சுற்றின் போட்டிகள் நடந்திருக்கின்றன. நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை. கேன்வாஸ் ஷூ, தொப்பி, தண்ணீர் பாட்டில், சத்தம் அணைத்த போன். ஆட்டக்காரரோடு ஒட்டி நடக்காமல் அவர் அடிப்பதற்கு முன்பே முன்னால் போய், பந்து விழப்போகிற இடத்துக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். புட் போடும்போது அவர் கண்ணுக்கு நேர்கோட்டில் நிற்கக் கூடாது, நிழலும் கோட்டில் விழக் கூடாது. அவர் அடித்த பிறகு அடுத்தவர் அடிக்குமுன் நடக்கத் தொடங்குவதுதான் புதியவர்கள் செய்கிற தப்பு. அப்படி நின்று பார்த்தால், டிவியில் ஒருபோதும் கிடைக்காத ஒன்று கிடைக்கும். தப்பான அடிக்குப் பிறகு பந்தை நோக்கி நடக்கிற அந்த இருநூறு கெஜம், முழுசாக, வெட்டில்லாமல்.

நம் நாட்டில் கோல்ஃப் பற்றிக் கேள்விப்படாதவர்கள்கூட டிவி முன்னால் உட்கார்ந்த நாள் ஒன்று உண்டு. 2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை காலை. சாயங்காலம் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்த அதே நாள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருப் பெண் அதிதி அசோக், கேடியாகத் தன் அம்மாவையே கூட வைத்துக்கொண்டு, பதக்க வரிசையில் நடந்துகொண்டிருந்தார். கூட ஆடியவர்கள் டிரைவரில் அவரைத் தாண்டி வெகுதூரம் அடித்தார்கள். இரண்டாவது அடிக்கு அவர் எடுத்தது பல குழிகளில் கட்டைக் கிளப்கள், மற்றவர்கள் எடுத்தது சின்ன இரும்புகள். எல்லாத்தையும் புட்டரால் ஈடுகட்டினார். நடுவில் வானிலை கெட்டு ஆட்டம் நின்றது, மறுபடி தொடங்கியது. 67, 66, 68, 68. கடைசிக் குழியில் பேர்டி புட் உள்ளே போகவில்லை. ஒரே அடியில் பதக்கம் போய் நாலாவது இடம். அந்தப் பதிவில் பந்து குழியைத் தாண்டியதும் நிறுத்திவிடாதீர்கள். அதற்கு முந்தைய 17 குழியிலும் அம்மாவும் மகளும் எப்படி நடந்தார்கள் என்று பாருங்கள். பேர்டி போட்ட குழிக்குப் பிறகும், போகி போட்ட குழிக்குப் பிறகும், ஒரே வேகம்.